ஆற்றில் கரைத்த குருநாதர்

1. ஹார்ட் டிஸ்க் வந்த நாள்

"ரீவிக்காரர் பத்துப் பகுதி போட்டுப் பாப்பினமாம் பிள்ளை. சனம் பாக்காட்டி எங்கடை அறையைப் பூட்டிப்போட்டுப் போகவேண்டியதுதான்."

இப்படிச் சொல்லித்தான் முதலாளி அண்ணை அந்த ஹார்ட் டிஸ்க்கை என் மேசையில் வைத்தார். ரூ பெர்தொனே என்ற பிரெஞ்சுத் தெருவில், ஒரு தமிழ்ச் சேலைக்கடைக்கு மேலே எங்கள் டப்பிங் அறை. வெளிநாட்டு நாடகங்களுக்குத் தமிழ்க் குரல் போட்டு ஒரு தொலைக்காட்சிக்குக் கொடுப்பது எங்கள் வேலை. வசனம் எழுதுவது நான், ஒலிப்பதிவு செய்வதும் நான். கிழவர் வேடம் எல்லாவற்றுக்கும் முதலாளி அண்ணையே குரல் கொடுப்பார். அம்மா வேடங்களுக்குக் கீழே சேலைக்கடையில் வேலை செய்யும் ஞானம் அக்கா, கடை ஆறியிருக்கும் மத்தியான வேளையில் ஏறி வருவார்.

டிஸ்க்கில் இருந்தது நாற்பது பகுதி கொண்ட ஒரு சீன வாள்சண்டை நாடகத்தின் முதல் பத்துப் பகுதி. பெயரைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். அதன் மூல நாவலைப் பிரெஞ்சில் மூன்று தரம் வாசித்தவள் நான். நான் குடியிருக்கும் ஸ்தேனிலிருந்து வேலைக்கு வரும்போது மெத்ரோவில் அதை வாசித்து, எங்கள் தமிழ்க் கடைத்தெரு இருக்கும் லா சப்பலில் இறங்க மறந்து, அடுத்த நிறுத்தமான ஸ்டாலின்கிராட் வரை போய்த் திரும்பி நடந்திருக்கிறேன்.

முதல் பகுதியைப் போட்டேன். கதாநாயகன் பத்து நாள் தண்ணீரில்லாமல் பாலைவனத்தில் அலைந்துவிட்டு வருகிறான். முகம் மழித்திருக்கிறது. வெள்ளை உடுப்பு இஸ்திரி போட்டிருக்கிறது. சண்டை என்றால் முதலில் காற்று, பிறகு துணி, பிறகு தலைமயிர், பிறகு அவன் முகம். வாள் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே எதிரி செத்துவிட்டான். நாவலில் அத்திபூத்தாற்போல் வாய் திறக்கும் குருநாதர் இதில் மூன்று தரம் கெக்கட்டமிட்டுச் சிரித்தார். பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே போய் ஒரு பிளேன்டீ குடித்தேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

2. முதுகு

படத்தை என்னால் மாற்ற முடியாது, வாய் மட்டும் என் கையில் இருந்தது.

எங்கள் தொழிலில் உதடுதான் எசமான். நடிகர் வாய் திறக்கும்போது தொடங்கி, மூடும்போது முடிக்கவேண்டும். ஆனால் முதுகைக் காட்டி நின்றார் என்றால் என்ன வசனமும் ஏற்றலாம். இந்த நாடகத்துக் கதாநாயகனுக்கு மலையைப் பார்த்தபடி நிற்பதில் பெரிய பிரியம். ஒரு கொப்பியை எடுத்து, அவன் முதுகு வரும் நேரங்களையெல்லாம் குறித்தேன். அங்கெல்லாம் நாவலின் வசனத்தைத் தமிழாக்கி ஏற்றினேன்.

பத்தாம் பகுதிக்குள் கடைத்தெருவில் இதே பேச்சு. முதலாளி அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. மிச்சப் பகுதிகளின் டிஸ்க்குகளும் வந்து அவருடைய மேசை லாச்சியில் இருந்தன. முன்கூட்டிப் பார்த்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. நாவலே மனப்பாடம், இந்தக் குப்பையை வேறு முழுதாகப் பார்க்க வேண்டுமா என்ற திமிர்.

பதினெட்டாம் பகுதியில் குருநாதர் மலையுச்சியிலிருந்து விழுகிறார். நாவலில் அதோடு அவர் கதை முடிந்தது. நாடகத்தில் அடுத்த காட்சி ஒரு ஆற்றங்கரை. கதாநாயகன் முதுகைக் காட்டி நின்று, ஒரு சின்ன மண்முட்டியை ஆற்றில் கவிழ்க்கிறான். அதில் இருந்தது மது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முழுதாக முப்பது விநாடி முதுகு, விடுவேனா? "ஐயா, உங்கள் சாம்பலைக் கரைக்கிறேன். இனி எனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று எழுதினேன்.

லா சப்பலே அழுதது. சேலை எடுக்க வந்த ஒரு அம்மா, "குருவின்ரை அந்தியேட்டி எப்ப வருது?" என்று ஞானம் அக்காவிடம் நாள் கேட்டாராம். முப்பத்தோராம் நாள் கிரியைக்குத் தவறாமல் போகிற சனம், கேட்கத்தானே செய்யும்.

3. இருபத்தேழாம் பகுதி

திரையில் ஒரு கதவு திறந்தது. குருநாதர் உள்ளே வந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை பூசியிருந்தது.

"ஐயோ, உவர் எப்பிடி வந்தவர்?" முதலாளி அண்ணை ஹெட்போனைக் கழற்றினார். "நான் செத்திட்டனெல்லோ! ஆத்திலை கரைச்சாச்சே!"

"நாவலிலை வரேல்லை அண்ணை."

"நாவலை ஆர் கேட்டது? நீ இஷ்டத்துக்கு எழுதினது ரீவிக்காரருக்குத் தெரிஞ்சால் இனி ஒரு நாடகமும் தராயினம். அறையைப் பூட்டவேண்டியதுதான்." கொஞ்ச நேரம் உலாவினார். "ரெட்டைச் சகோதரம் எண்டு எழுது. ஆருக்குத் தெரியப்போகுது?"

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. வெட்கத்தை விட்டு இரண்டு பக்கம் எழுதினேன். ஞானம் அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த முட்டிக்குள்ளை சாம்பல் இருந்ததெண்டு ஆர் கண்டது?" என்றார்.

"நான்தானே அக்கா எழுதினனான்."

"எழுதினால்? எங்கடை தம்பி காணாமல் போய்க் கனகாலத்துக்குப் பிறகு, ஐயர் சொன்னாரெண்டு அம்மா கீரிமலைக் கடலிலை முட்டி கரைச்சவ. என்ன இருந்தது அதுக்குள்ளை? ஒண்டுமில்லை. நான் அதைச் சாவெண்டு இண்டைக்கும் எடுக்கேல்லை. உந்தாளை ரெட்டை ஆக்காதை பிள்ளை. அவரே வரட்டும்."

முதலாளி அண்ணை ஹெட்போனைத் திரும்ப மாட்டினார். நான் அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்தேன். கதாநாயகன் காலில் விழுந்து முகம் மறையும் இடத்தில், "உடல் கிடைக்கவில்லை ஐயா. வெறும் முட்டியைத்தான் கரைத்தேன்" என்று எழுதினேன். "வெறும் முட்டிக்கு நான் எப்படிச் சாவேன்?" என்பது குருவின் பதில். முதலாளி அண்ணை ஒரே டேக்கில் பேசி முடித்தார்.

ஒளிபரப்பான பிறகு தொலைக்காட்சிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களும் முழுதாகப் பார்த்திருக்கமாட்டார்கள். சனம் கொஞ்ச நாள் நக்கலடித்தது, ஆனால் நாற்பதாம் பகுதி வரை பார்த்தது. அறை தப்பியது. நாடகம் குப்பைதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் முழுதாகப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதக்கூடாது என்பதை அந்தக் குப்பைதான் எனக்குச் சொல்லித் தந்தது.

அந்த இருபத்தேழாம் பகுதியில் கடைசியாகப் பதிந்தது, கதாநாயகியின் தாய் குருவை வரவேற்கும் இடம். "வாருங்கள் குருவே" என்று மட்டும் எழுதியிருந்தேன். உதட்டில் அவ்வளவுதான் இடம். ஞானம் அக்கா தாளைப் பார்க்கவில்லை.

"வந்திட்டியோ? சாப்பிட்டனியோ? இவ்வளவு நாளும் எங்கையடா போனனீ?"

"உதடு எப்பவோ மூடிட்டுது," என்றார் முதலாளி அண்ணை மெல்ல. "குருவை 'டா' எண்டும் சொல்லிப்போட்டா. திருப்பி எடுப்பமோ?"

"வேண்டாம் அண்ணை."

உதட்டுக்கு மேல் ஒரு எழுத்தும் போகக்கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு இன்றைக்கும் சொல்கிறேன். யாராவது அந்த இடத்தைப் போட்டுக் காட்டி, இங்கே மட்டும் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், அது என் பிழை என்று ஒத்துக்கொள்வேன். திருத்தத்தான் மாட்டேன்.