மகளுக்காக வேண்டினேன், வீட்டுப்பாடம் எனக்கு வந்தது

அந்தோனியார் கோயிலின் செவ்வாய் நவநாள் ஜெபத்துக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கும் ரெஜினா நான். என் குரலை நீங்கள் அறிவீர்கள். அதனால்தான் மைக் வேண்டாம் என்றேன்.

போன தவக்காலத்தில் என் மகள் ஸ்டெல்லாவுக்குப் பதினான்கு வயது. வகுப்பில் ஒரு பெண்ணின் டிபன் பாக்ஸை ஜன்னல் வழியாக எறிந்து, அவளை அடித்தும் விட்டாள். வீட்டில் தட்டு, ரிமோட், கதவு, எதுவும் தப்பவில்லை. "இன்னொரு தடவை கை நீட்டினா டி.சி.தான்" என்றார் தலைமையாசிரியை. என் கணவர் விசைப்படகில் போனால் வாரக்கணக்கில் கடலில்தான். யாரிடம் அழுவேன்? அந்தோனியார் சுரூபத்தின் காலைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ண மாத்திக் குடு சாமி" என்று ஒன்பது செவ்வாய் கேட்டேன்.

ஒன்பதாம் செவ்வாய்க்கு அடுத்த நாளே பள்ளியில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அரசு மருத்துவமனையில் வளரிளம் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனையாம். பதில் வந்துவிட்டது என்று மகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஆலோசகர் சின்ன வயதுப் பெண். ஸ்டெல்லாவிடம் தனியாகப் பேசிவிட்டு என்னை உட்கார வைத்து வீட்டுப்பாடம் கொடுத்தார். மகள் செய்யும் நல்ல காரியம் ஒன்றை தினமும் அவளிடம் சொல்ல வேண்டும். கோபம் வந்தால் கத்தாமல், கொஞ்சம் நடந்துவிட்டு வந்து பேச வேண்டும்.

"தப்பு பண்றது அவ, பாடம் எனக்கா? இன்னாம்மா நியாயம் இது?"

"அவளுக்கும் பாடம் குடுத்திருக்கேம்மா. ஆனா வீட்ல யாரைப் பாத்து பழகுவா?"

எதிர்த்துப் பேசாமல் "சரிம்மா" என்று எழுந்தேன். எனக்கு அது புதிது.

மூன்று நாள் தேடினேன். ஒரு நல்ல காரியமும் கண்ணில் படவில்லை. நான்காம் நாள் மெதுவாகச் சொன்னேன்: "செருப்ப ஓரமா வுட்டுகினு வந்தியே, நல்லா கீதும்மா."

ஸ்டெல்லா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என் தங்கைக்கு போன் போட்டு, "சித்தி, அம்மா மெதுவா பேசுது. பயமா கீது, ஒடனே வா" என்று அழுதிருக்கிறாள்.

நடை அதைவிட மோசம். ஒரே நாளில் ஏழு முறை தெருமுனைக்குப் போனேன். "இன்னா ரெஜினாக்கா, சுகரா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். "சுகர் இல்லடி, பொண்ணு" என்றேன்.

அப்படி நடக்கும்போது ஜெபமாலை சொல்வேன். ஒருநாள் பாதியில் நின்றுவிட்டேன். அந்த டிபன் பாக்ஸை ஏன் எறிந்தாய் என்று நான் அவளைக் கேட்டதே இல்லை. வீட்டுக்குத் திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"உன் மேல மீன் நாத்தம்னு சொல்லி சிரிச்சாம்மா" என்றாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

சில மாதம் கழித்துத் தலைமையாசிரியை கூப்பிட்டார். டி.சி.தான் என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டே போனேன். அதே பெண் மறுபடி கிண்டல் செய்தாளாம். ஸ்டெல்லா கை நீட்டவில்லை. மைதானத்தை இரண்டு சுற்று நடந்துவிட்டு, நேராக டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அங்கேயே முழங்காலில் விழுந்தேன். மயக்கமென்று தலைமையாசிரியை பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

இப்போதும் சில நாள் கதவு அதிர்கிறது. ஆலோசனைக்கு விடாமல் போகிறோம். கரையில் இருந்த நாளில் கூட வந்த என் கணவருக்கும் பாடம் கிடைத்தது. "எனக்குமா?" என்று விழித்தார். நான் ஆசை தீரச் சிரித்தேன்.

பிள்ளையை நினைத்து அழும் பெற்றோரே, மன்றாடுங்கள். வெட்கப்படாமல் ஆலோசகரிடமும் போங்கள். பிள்ளையை மாற்று என்று கேட்டால் ஆண்டவர் முதலில் உங்களைக் கூப்பிடலாம். பயப்படாமல் போய் உட்காருங்கள்.