பெட்டியில் நான்காவது குரல்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். பட்டப்பகலில், என் பட்டறையில், எனக்கே நடந்தது இது.

எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்ப்பவன் நான். பேய் என்று யாராவது பேச்செடுத்தால், "போய் எர்த் சரியா இருக்கான்னு பாருய்யா" என்று விரட்டுகிற ஆள்.

அன்று மதியம் 12:40. ஒரு அக்கா வந்து சின்ன மாத்திரைப் பெட்டி ஒன்றை மேஜைமேல் வைத்தார். அவர் கணவர் சொந்தமாகச் செய்தது. பொத்தானை அழுத்தித் தன் குரலையே பதிவு செய்திருந்தார். மாத்திரை போடச் சொல்லி, வேளை தவறாமல் அது அக்காவிடம் பேசும். மனிதர் இறந்து இரண்டு மாதம். போன வாரம் பேட்டரி தீர்ந்து அணைந்த பெட்டி, புதிது போட்டும் பேசவில்லை.

"அவர் குரல் வேற எதுலயும் இல்ல தம்பி. இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒரு தடவ கேட்டாப் போதும்."

"ராத்திரியா? ரெண்டு மணிக்கே தரேன்க்கா" என்று ஜம்பமாகச் சொன்னேன். அக்கா வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

12:52. பெட்டியிலிருந்து கணினிக்குக் கம்பியை இணைத்தேன். மூன்று கோப்புகளின் பெயர் தெரிந்தது. காலை, மதியம், மாலை. ஒன்றும் திறக்கவில்லை.

இந்த மெமரி சிப்பில் பழையதன்மேல் புதிது எழுத முடியாது. புதிதை வேறிடத்தில் எழுதிவிட்டு, தேவையில்லை என்று தோன்றுவதைப் பிறகு துடைக்கும். கணக்குக் குழம்பிவிட்டால் நல்லதையும் சேர்த்துத் துடைத்துவிடும். அதனால் முதலில் நகல் எடு, அப்புறம் கை வை என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். இருபது வருட அனுபவசாலி நான், நகல் எடுக்காமலே கை வைத்தேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு.

1:04. 'துடைக்கப்படுகிறது' என்று திரையில் வரி வரியாக ஓடியது. ஐயோ! கம்பியைப் பிடுங்கினேன். பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். அதற்குள் மாலைக் கோப்பு பறிபோய்விட்டது.

கண்ணாடிக் கதவு வழியாக அக்காவின் முதுகு தெரிந்தது. எந்த முகத்தோடு சொல்வேன்? செத்தவரை நான் இன்னொரு தடவை சாகடித்துவிட்டேன். அழுகை வந்தது.

1:17.

க்ளிக்…

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பதிவு செய்யும்போது மட்டும் எரிகிற விளக்கு.

பேட்டரி என் சட்டைப்பையில் இருந்தது.

எண்ணினேன். பதினோரு விநாடி…

அணைந்தது.

1:40. சிப்பைத் தனியே கழற்றி நகல் எடுத்தேன். காலை இருந்தது. மதியம் இருந்தது. மாலை காலி.

அதற்குக் கீழே இன்னொன்று.

'இரவு'. பதிவான நேரம் 1:17. நீளம் பதினோரு விநாடி.

அக்காவைக் கூப்பிட்டு, மாலைக் குரலை அழித்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். நான்காவதைக் காட்டினேன்.

"ராத்திரிக்கா? அப்படி ஒண்ணு அவர் பேசவே இல்லியே தம்பி."

ஒலிக்கவிட்டேன்.

"மணி ஒம்போது. சேத்து வெச்சிருக்கியே, அதெல்லாம் குடுத்துடு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல… நீ மெதுவா வா."

அக்கா அழவில்லை. கைப்பையைத் திறந்து ஒரு புட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். கழுத்துவரை தூக்க மாத்திரை.

"அவர் போனப்புறந்தான் டாக்டர் இத எழுதிக் குடுத்தாரு. போடாம சேத்தேன். யாருக்கும் தெரியாது. இன்னைக்கு ராத்திரின்னு இருந்தேன்…"

புட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன். அக்காவின் தங்கையை வரவழைத்து, எல்லாம் சொல்லி, சிப்பைத் திரும்பப் பொருத்தி, பெட்டியோடு இருவரையும் அனுப்பினேன்.

இரவு 9:10. தங்கை போன் செய்தார்.

"அண்ணே, பெட்டி சரியா ஒம்போதுக்குப் பேசிச்சு. ரெண்டு மாசமா அழாதவ, இப்பத்தான் அழுதா. அழுதுட்டே தூங்கிட்டா."

கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பேட்டரி அங்கேயே இருந்தது.

"வேற பேட்டரி போட்டீங்களாம்மா?"

"பேட்டரியா? இதுக்கு பேட்டரி போடணுமா அண்ணே?"