தோ என்றால் எத்தனை தௌ

சுராயாவைப் பெண் பார்க்க வந்தவர்கள் பிரியாணி வைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், ஓதத் தெரியுமா என்று கேட்டார்கள், தையல் தெரியுமா என்றுகூடக் கேட்டார்கள். வகுத்தல் கணக்குத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அந்த வீட்டில் கடைசியில் தேவைப்பட்டது அதுதான்.

சுராயா சதுரங்கப்பட்டினத்துப் பெண். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், கணக்கில் அவளை அடித்துக்கொள்ள அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. அவளைக் கட்டிக்கொண்ட கியாசுதீனுக்குச் செங்கல்பட்டில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஒரு போரிங் பட்டறை. முன்பக்கம் மிஷின், பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை.

போரிங் என்றால் கிணறு தோண்டுவது என்று நினைத்துக்கொண்டு வந்து கேட்டவர்களும் உண்டு. அதில்லை. எழுபதுகளில் ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றுகிற ஜாதி. ஓட ஓட சிலிண்டர் உள்ளே தேயும். அதைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டால் வண்டி மறுபடி ஓடும். எவ்வளவு அகலம் என்பதில்தான் வித்தை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி குறைந்தால், சூட்டில் பிஸ்டன் உப்பி, கவ்விக்கொண்டு, வண்டி நடுரோட்டில் நிற்கும். கூடினால் உள்ளே கிடந்து டொக் டொக்கென்று அடிக்கும்.

கியாசுதீனுக்குக் கை தங்கம். கணக்குதான் வராது. பிஸ்டன் மில்லிமீட்டரில் வரும். அதில் நூறில் ஒரு பங்குக்குப் பட்டறையில் 'பாயிண்ட்' என்று பேர். அவருடைய மிஷினோ வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காக வெட்டும். அதற்கு 'தௌ' என்று பேர். ஒரு தௌ என்றால் இரண்டரைப் பாயிண்ட்டும் கொஞ்சம் கொசுறும். அந்தக் கொசுறுதான் மனுஷனைப் பாடாய்ப் படுத்தியது.

கல்யாணமான புதிதில் டீ கொண்டுபோன சுராயா, அவர் சாக்பீஸால் சுவரில் போட்டு, அழித்து, மறுபடி போட்டு முழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

"நாலே முக்கா தௌ," என்றாள்.

"எப்டி?"

"எப்டின்னா இன்னா? வகுத்தா வருது."

அன்றைக்கே சாக்பீஸ் குப்பைக்குப் போயிற்று. அதன்பிறகு திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் அளவைச் சொல்வார்; இந்தப் பக்கம் அரிசி களைந்துகொண்டே இவள் விடை சொல்வாள். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் "இன்னும் எவ்ளோ?" என்பார். வெளியே உட்கார்ந்திருக்கும் கிராக்கி, பாய் மிஷினோடு பேசுகிறார் போல என்று நினைத்துக்கொள்வான்.

அந்த வேலை சுராயாவுக்குப் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. குழம்புக்கு உப்புச் சரியாக விழுந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஆனால் அவள் சொன்ன அளவுக்கு வெட்டிய சிலிண்டரில் பிஸ்டன் வழுக்கிக்கொண்டு இறங்கும்போது, கியாசுதீன் தன்னை அறியாமல் "ஆங்!" என்பார். அந்த 'ஆங்' காதில் விழுந்தால் அவளுக்கு அன்றைக்குப் பசிகூட எடுக்காது.

வம்பு வந்தது ஒரே ஓர் எழுத்தில். கியாசுதீன் தொழில் கற்றது மெட்ராஸில், உருது பேசுகிறவர்கள் பட்டறையில். வீட்டில் தமிழ்தான், ஆனால் மிஷின் முன்னால் நின்றுவிட்டால் எண்கள் உருதுவில்தான் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்பதற்கு ஏக் தௌ, தோ தௌ, தீன் தௌ. சுராயாவும் பழகிப்போய் அப்படியே பதில் சொல்லுவாள். அது ஒரு பக்கம். 'இதோ வரேன்' என்பதை நம் பக்கத்து ஜனங்கள் 'தோ' என்று முடித்துவிடுவார்கள் என்பது இன்னொரு பக்கம்.

நெம்மேலியிலிருந்து தாவீது தன் மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். கரையிலேயே மீன் எடுத்து, வண்டியில் கூடை கட்டி, ஐஸ் உருகுவதற்குள் செங்கல்பட்டு மார்க்கெட்டில் இறக்குகிறவன். அந்தச் சிலிண்டரை ஏற்கெனவே பலமுறை கடைந்தாகிவிட்டது. இப்போது போடப்போவதுதான் கடைசி சைஸ் பிஸ்டன். இதற்குமேல் பெரியது கிடையாது; புதுச் சிலிண்டர் வேண்டுமென்றால் எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும்.

"பாய், இது பூட்ச்சுன்னா நானும் பூட்டேன். பாத்து செய்யி," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சுராயா கணக்குப் போட்டாள். இடைவெளி ஆறு பாயிண்ட் வேண்டும். அதற்கு இன்னும் பதினாலு பாயிண்ட் வெட்ட வேண்டும், அதாவது ஐந்தரை தௌ. முதல் வெட்டு மூன்று, அடுத்தது ஒன்றரை, மிச்சம் ஒரு தௌவை உள்ளே வழவழப்பாக்கக் கல் போட்டுத் தேய்க்க விட்டுவிட வேண்டும். இரண்டு வெட்டும் சுத்தமாக முடிந்தன. "இன்னும் எவ்ளோ?" என்றார் கியாசுதீன்.

அந்த நேரம் பார்த்துப் பால் பொங்கியது.

"தோ!" என்று கத்திவிட்டு அடுப்புக்கு ஓடினாள் சுராயா.

திரும்பி வந்தபோது மிஷின் ஓடி நின்றிருந்தது. அவர் டயலைப் பார்த்தபடி நின்றார்.

"தோன்னியே!"

"தோ வரேன்னு சொன்னேங்க! பால் பொங்கிகினு இருந்திச்சு!"

"நான் ரெண்டுன்னு நெனச்சு எடுத்துட்டேன்."

"பாக்கி கீறதே ஒரு தௌ. ரெண்டு எங்கேர்ந்து வரும்? யோசிக்க வேணாம்?"

"நீ சொன்னா நான் யோசிக்கிறதில்லியே," என்றார் அவர், பாவமாக.

அதற்குமேல் அவளால் கோபப்படக்கூட முடியவில்லை. தேய்க்காமல் விட முடியாது, அதில் இன்னொரு தௌவும் போயிற்று. முடித்து அளந்தார்கள். ஆறு பாயிண்ட் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தது.

மறுநாள் தாவீது வந்த நேரம், கியாசுதீனின் அண்ணன் அமானுல்லாவும் பட்டறையில் இருந்தார். பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிற பெரிய மனுஷர். வாயைத் திறந்தால் பஞ்சாயத்துத் தீர்ப்பு மாதிரிதான் பேசுவார். கியாசுதீனுக்கு மறைக்கத் தெரியாது. திரை, தோ, பால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அமானுல்லாவுக்கு முகம் சிவந்தது. "பொம்பள உள்ளேர்ந்து கணக்கு சொல்றா, நீ கேட்டுகினு வெட்றே. நல்லா கீதுடா! ஊரு சிரிக்கும். இன்னியோட இத்த வுட்டுடு. ஐ.டி.ஐ. படிச்ச ஆளு ஒருத்தன வெச்சுக்க."

திரைக்குப் பின்னால் நின்ற சுராயாவுக்கு எல்லாம் கேட்டது. வேறு எதைப் பிடுங்கினாலும் பரவாயில்லை, அந்த 'ஆங்'கைப் பிடுங்கிவிடுவார்களே என்றிருந்தது.

தாவீது தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "யார் கணக்கு சொன்னா எனக்கின்னா அண்ணாத்த? பஸ்ல கூடைய ஏத்த மாட்டேன்றான். என் வண்டி ஓடுமா ஓடாதா, அத்த சொல்லுங்க."

"ஓடும்," என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. கிராக்கியிடம் அவள் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "இன்னும் பெருசா கடைஞ்சு, உள்ளாற ஒரு இரும்புக் குழாய் எறக்கிடலாம். குழாய பழைய அளவுக்குக் கடைஞ்சா மொத சைஸ்லேர்ந்து மறுபடி ஆரம்பிக்கலாம்."

அமானுல்லா திரையை முறைத்தார். "அதையாச்சும் நீயே கணக்குப் போட்டு முடிடா," என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கியாசுதீன் தானே போட்டுப் பார்த்தார். குழாய் துளையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் கழன்று வராமல் பிடிக்கும். பெரிதாக இருந்தால் எப்படி உள்ளே போகும்? சோறு போடும்போது மெல்லக் கேட்டார்: "குழாய் எவ்ளோ பெருசா இருக்கணும்?"

"திரைக்குப் பின்னாலேர்ந்து இனிமே ஒரு நம்பரும் வராது," என்றாள் சுராயா. "வாயில வர்றது ஒண்ணு, காதுல வுழறது ஒண்ணு. நான் மிஷினாண்ட வந்து நின்னு, டயலப் பாத்துச் சொல்றேன். இல்லியா, அந்த ஐ.டி.ஐ. ஆளையே கூப்டுக்குங்க."

சொல்லிவிட்டாளே தவிர, பயமாகத்தான் இருந்தது. சரி, கூப்பிடுகிறேன் என்று அவர் சொல்லிவிட்டால்? கியாசுதீன் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார்.

"அண்ணன் வருவாரே."

"வரட்டும்."

"சரி, வா," என்றார்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரையைத் தாண்டினாள். குழாய் துளையைவிட இரண்டு தௌ பெரிதாக இருக்க வேண்டும் என்றாள். 'தோ' என்று சொல்லவில்லை. "ரெண்டு" என்று சொல்லி விரலையும் காட்டினாள். கியாசுதீன் சிரித்துவிட்டார். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டுவதில்லையா, அதே மாதிரி சிலிண்டரைச் சூடாக்கினால் துளை விரியும்; குளிர்ந்த குழாயை அதில் இறக்கிவிட்டால், ஆறியதும் இறுகிக்கொள்ளும். சூடாக்குவதற்குப் பக்கத்து ரொட்டிக்கடை அடுப்பு இருந்தது. பன் வெந்து இறங்கியதும் சிலிண்டர் உள்ளே போகும் என்று ஏற்பாடு.

துளையைப் பெரிதாகக் கடைந்து, குழாயும் தயாரானது. அதை இறக்குகிற அன்றைக்குத் தாவீது வந்துவிட்டான். விஷயம் கேள்விப்பட்டு அமானுல்லாவும் வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுராயா அவருக்கு ஸலாம் சொன்னாள், உள்ளே போகவில்லை. அவள் கையில் ஒரு கம்பித் துண்டு. குழாயின் வெளி அளவுக்கு ஒரு மயிரிழை நீளமாக அராவியது. சூடான துளைக்குள் அது குறுக்கே தாராளமாக ஆடினால், குழாய் இறங்கும். ஆடாவிட்டால் குழாய் பாதியில் மாட்டிக்கொள்ளும். அப்புறம் எடுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. குழாய், சிலிண்டர், தாவீது மூன்றும் போச்சு.

கியாசுதீன் சிலிண்டரை இடுக்கியில் தூக்கிக்கொண்டு ஓடிவந்து மேஜையில் வைத்தார். சுராயா கம்பியை உள்ளே விட்டாள். உரசியது.

"வேணாம். சூடு பத்தல."

"ஆறிகினே இருக்குதும்மா!" என்றார் அமானுல்லா. "டேய், எறக்குடா! எல்லாரும் பாத்துகினு கீறாங்க!"

கியாசுதீன் கையில் குழாய் தயாராக இருந்தது. அண்ணனைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அண்ணன் சொல்லைத் தட்டாத மனுஷன்.

குழாயைக் கீழே வைத்துவிட்டு, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மறுபடி ரொட்டிக்கடைக்கு ஓடினார்.

நன்றாகக் காய்ந்ததும் கொண்டுவந்து வைத்தார். இரண்டாம் தடவை கம்பி துளைக்குள் அங்குமிங்கும் ஆடியது.

"சுராயா, போடலாமா?" என்றார் கியாசுதீன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"குழாயில போட்ட கோட்டப் பாத்து நேரா புடிச்சு, போடுங்க."

குழாய் சளக்கென்று அடிவரை இறங்கி உட்கார்ந்தது. "ஆங்!" என்றார் கியாசுதீன். "ஆங்!" என்றான் தாவீதும், எதற்கு என்று தெரியாமலே.

ஆறவைத்து, கடைந்து, தேய்த்து, வண்டியில் மாட்டி உதைத்தபோது, டொக்கும் இல்லை, டக்கும் இல்லை. தாவீதுக்கு வாயெல்லாம் பல். நேராகச் சுராயாவிடம் வந்து நின்றான்.

"பாயம்மா, இனிமே பறக்கலாமா?"

"பறந்தீங்கன்னா பிஸ்டன் புடிச்சுக்கும். கொஞ்ச நாளைக்கு மெதுவாத்தான் போகணும், ஆயில் கொஞ்சம் கூடப் போடணும்."

"மெதுவா போனா மீன் நாறிடுமே!"

"ஐஸ் ஜாஸ்தி போடுங்க. இன்ஜினுக்கு ஐஸ் போட முடியாது."

தாவீது சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அமானுல்லா இன்னும் போகவில்லை. தொண்டையைச் செருமினார். அந்தக் குடும்பத்தில் புருஷனின் அண்ணன் முன்னால் பெண்கள் உட்காருவதில்லை. அவர் உள்ளே வந்தால் எழுந்து போய்விடுவதுதான் வழக்கம். சுராயாவுக்கும் காலையிலிருந்து நின்று கால் கடுத்துப்போயிருந்தது. இப்போது என்ன சொல்லப் போகிறாரோ என்று முக்காட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"டேய் கியாசு," என்றார் அமானுல்லா. "எவ்ளோ நேரம்தான் நின்னுகினே இருப்பா? ஒரு ஸ்டூல எடுத்துப் போட மாட்டே?"

கியாசுதீன் ஸ்டூலைத் துணியால் துடைத்து மிஷின் பக்கத்தில் போட்டார். சுராயா கொஞ்சம் தயங்கினாள். பிறகு அவர் முன்னாலேயே உட்கார்ந்தாள்.

"அடுத்தது இன்னா வண்டிங்க?" என்று கேட்டாள்.