இல்-பிசாரில் ஒரு சீனக் கூடைப்பந்துக் காலை

கடந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குப் போனேன். எதற்கென்று கேட்டால் சிரிப்பீர்கள்: சீனாவில் நடக்கும் கூடைப்பந்து ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு. அக்கா வசந்தியின் கணவர் ஜாவ் அத்தான், சீனாவின் வடகிழக்கில் ஒரு ஆலை நகரத்துக்காரர். அந்த ஊர் அணியை விற்றுவிட்டார்கள். பருவம் முடிந்ததும் அது தெற்கே வேறொரு நகரத்துக்குப் போகிறது. ஞாயிறன்று சொந்த அரங்கில் கடைசி ஆட்டம்.

"இதோட பாக்கிறதை விடப்போறன் எண்டு நிக்கிறார். முப்பது வருசமாப் பாக்கிற மனுசன். நீ ஒருக்கா வந்து பக்கத்தில இரு" என்று அக்கா தொலைபேசியில் சொன்னா. அவவின் குரல் எனக்குக் கவலை தந்தது.

பஸ்ஸில் 540 கிலோமீற்றர், ஆறரை மணித்தியாலம், 62 டொலர். மொன்றியலில் முதலில் ஜான்-டலோன் சந்தைக்குப் போய்ப் பழம் வாங்கினேன். அங்கிருந்து மெட்ரோவில் நீலப் பாதை, ஸ்நோடனில் ஆரஞ்சுப் பாதைக்கு மாறி கோட்-வெர்த்து நிலையம், பிறகு மொன்றியலின் மேற்கோரத்துத் தீவான இல்-பிசாரில் அக்கா வீட்டுக்கு இரண்டு பஸ். இரண்டாவது பஸ்ஸின் சாரதி நம்மவர். என் பழப் பையைப் பார்த்துவிட்டு, "இல்-பிசாரிலயோ இறங்கிறியள்? திரும்பிறது ஞாயிறெண்டா பஸ்ஸை நம்பாதேங்கோ தம்பி" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

சீனாவில் ஆட்டம் தொடங்கும் மாலை ஏழு முப்பத்தைந்து என்றால் ஏப்ரலில் இங்கே காலை ஏழு முப்பத்தைந்து. ஞாயிறு காலை ஏழு மணிக்கே அத்தானின் ஊர்க்காரர் நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஐந்து பேரும் ஒரே அணியின் ரசிகர்கள், ஆனால் ஐந்து சட்டையிலும் ஐந்து பெயர். எனக்குத் தலை சுற்றியது.

அத்தான் பிரெஞ்சில் விளக்க, அக்கா தமிழில் சொன்னா. தொடக்கத்தில் அது ஆலைத் தொழிலாளர்களின் அணி. அவருடைய அப்பா அதில் ஆடியவர். பிறகு மாகாண அணியானது. தொழில்முறைப் போட்டிகள் வந்ததும் கம்பனிகள் வாங்கத் தொடங்கின. சாராயக் கம்பனி, சீமெந்துக் கம்பனி, வீடு கட்டி விற்கும் கம்பனி என்று முதலாளி மாற மாற அணியின் பெயரும் மாறியது. ஊரை விட்டு வந்தபோது அணிக்கு என்ன பெயரோ, அந்தப் பெயர் போட்ட சட்டையைத்தான் ஒவ்வொருவரும் அணிவார்கள். சட்டையைப் பார்த்தே ஒருவர் கனடா வந்த காலத்தைச் சொல்லிவிடலாம்.

இதெல்லாம் தெரியாமல் நான் ஒரு கூத்துச் செய்திருந்தேன். அத்தானுக்கென்று ஏதாவது கொண்டுபோக வேண்டுமே என்று, புது நகரத்தின் பெயர் போட்ட புதுச் சட்டையை இணையத்தில் வாங்கி வந்திருந்தேன். நான் கொடுத்த பொதியை அத்தான் மற்ற நான்கு பேரின் முன்னால் பிரித்தார். செத்த வீட்டுக்குக் கலியாணப் பலகாரத்தோடு போனவன் மாதிரி நின்றேன். அத்தான் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆட்டத்தில் ஊர் அணி தோற்றது. ஆட்டக்காரர்கள் அரங்கின் நான்கு பக்கமும் திரும்பிக் குனிந்து வணங்கினார்கள். ஒருவரும் தொலைக்காட்சியை நிறுத்தவில்லை. அக்கா கொண்டுவந்த தேத்தண்ணி ஆறியது. சீமெந்துச் சட்டைக்காரர், இனி நாங்கள் எதற்குக் கூடுவது என்று கேட்டார். எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள், ஏனென்றால் விடப்போவதாகச் சொன்னவர் அவர்தான்.

 அவர் முதலில் சீனத்தில் சொன்னார். அக்காவுக்காகப் பிரெஞ்சிலும் சொன்னார். அக்கா எனக்குத் தமிழில் சொன்னா:

"தான் ஊரை விட்டு வெளிக்கிட்ட நேரம், அப்பா தன்னைப் பிள்ளை இல்லையெண்டு சொல்லேல்லயாம். அப்ப, போறாங்கள் எண்டதுக்காக இவங்களைத் தான் எப்பிடிக் கைவிடுறது எண்டு கேக்கிறார்."

சொல்லி முடிக்கும்போது அக்காவின் குரல் தழுதழுத்தது.  நாங்களும் ஊரை விட்டு வந்தவர்கள்தானே.

போக நினைப்பவர்களுக்கு: இல்-பிசாருக்கு ஞாயிறில் பஸ் மிகக் குறைவு, சனிக்கிழமையே போய்த் தங்குங்கள். கோடையென்றால் எதிர்க்கரை நகரமான லவாலிலிருந்து படகிலும் வரலாம். ஆட்டங்கள் இலையுதிர்காலத்தில் மறுபடி தொடங்கும். நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்தள்ளிய பிறகு காலை ஆறு முப்பத்தைந்துக்கே தொடங்கிவிடும். புதியவர்கள் வந்தால் அத்தானுக்குச் சந்தோசம். எந்தப் பெயர் போட்ட சட்டையோடும் வரலாம்.