கேப்டனுக்கு வந்த சந்தேகம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோலாலம்பூர் விமான நிலையத்தில் நடந்தது இது. திருச்சியில் என் நாத்தனார் மகளுக்கு மறுநாள் முகூர்த்தம். கணவர் முன்பே போய்விட்டதால் நான் தனியாகக் கிளம்பினேன்.

மேரு என்ற ஊரில் ஒரு லோரி கம்பெனியில், எந்த லோரி எங்கே போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது என் வேலை. பதினாறு வருடமாக டிரைவர்களின் சாக்குகளைக் கேட்டுக் கேட்டு, யார் எது சொன்னாலும் நம்பாத ஆளாகிவிட்டேன். வீட்டில் ஒருவர் காய்ச்சல் என்றாலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், பாசத்தில் இல்லை.

அன்றும் விமானம் ஏறுவதற்கு முன் போனில் ஒரு டிரைவரோடு சண்டை. பண்டமாரான் ஊர்க்காரர். சரக்கோடு மலை தாண்டி குவாந்தான் போக வேண்டியவர், பிரேக் பிடித்தால் லோரி ஒரு பக்கமாக இழுக்கிறது என்றார். நேற்று வரை இழுக்காத லோரி வெள்ளிக்கிழமை பார்த்து இழுக்கிறதா என்று கேட்டேன். ஓட்ட முடியாவிட்டால் சாவியை வைத்துவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை வர வேண்டாம் என்றும் சொன்னேன். அவர் லோரியை எடுத்துவிட்டார்.

எங்கள் விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்தது. இதோ பறக்கப் போகிறோம் என்று நினைத்தபோது படாரென்று பிரேக். பெல்ட் வயிற்றை அறுத்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஓர் இஞ்சினின் அளவுமானி சரியாகக் காட்டவில்லை, அதனால் திரும்பிப் போகிறோம் என்று கேப்டன் அறிவித்தார்.

நான் நம்பவில்லை. பின்னால் பாதி இருக்கைகள் காலி. மாலை விமானத்தோடு எங்களைச் சேர்த்துவிடத்தான் இந்த நாடகம் என்று முடிவே கட்டிவிட்டேன். பயணிகளை ஏற்றிய இடத்துக்கே விமானம் திரும்பி வந்து நின்றது. விமானத்துக்குள் வந்த பணியாளர் ஒரு தமிழ்ப் பையன்; அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்க. இஞ்சின்ல என்னதான் கோளாறு?"

"இன்னும் தெரியல ஆன்டி. கேப்டனுக்குச் சந்தேகம் வந்துருச்சு. சந்தேகத்தோட மேல ஏத்த மாட்டாங்க லா."

மேல ஏத்த மாட்டாங்க. அதைக் கேட்டதும் காலையில் சண்டை போட்ட டிரைவர் நினைவுக்கு வந்தார். அவர் கிளம்பி ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இந்நேரம் காராக் மலைச்சாலையில் ஏறிக்கொண்டிருப்பார். போட்டேன் போன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நான்கு முறை மணி அடித்து அடித்து நின்றது. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்கள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. நான் திரும்பத் திரும்பப் போன் போடுவதைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஐந்தாவது முறை எடுத்தார்.

"அக்கா, திட்டாதீங்க. கோம்பாக் தாண்டி மலையடியிலேயே ஓரமா நிப்பாட்டிட்டேன். மேல ஏற பயமா இருந்துச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் போன் எடுக்கல."

அங்கேயே இருங்க, ஆள் அனுப்புறேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது. அத்தனை பேர் மத்தியில் வெட்கமில்லாமல் அழுதேன்.

இஞ்சினில் என்ன கோளாறு என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. வேறு விமானத்தில் போய் முகூர்த்தத்துக்குச் சேர்ந்துவிட்டேன். லோரியில் ஒரு பக்க பிரேக் கட்டை தேய்ந்திருந்ததாக மெக்கானிக் சொன்னார். இன்னும் ஒரு வாரம் ஓடியிருக்கலாம், அன்றைக்கே பிரேக் போயிருக்கலாம் என்றார்.

என் சந்தேகப் புத்தி இன்னும் போகவில்லை. இப்போது முதலில் லோரியைச் சந்தேகப்படுகிறேன், அவ்வளவுதான். ஆனால் உயிருக்குப் பயந்து ஓரங்கட்டிய ஒரு மனிதர், அந்த மலையைவிட என்னைப் பார்த்து அதிகம் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் கூசிப்போகிறேன்.