மித்ரிக்குத் தெரியாத மண்டபம்

“இந்த பெய்ரூத்துல நான் வழி கேட்டு நின்ன தெருவை இன்னும் எவனும் போடலை.” இதைச் சொல்லாமல் டாக்ஸிக்காரர் மித்ரி இரண்டாவது கியருக்குப் போவதில்லை. புதிய பயணியானால் முழுதும் சொல்வார். பழையவரானால் பாதி சொன்னால் போதும், மீதியை அந்தப் பயணியே முடித்துவிடுவார்.

டாக்ஸிக்கான சிவப்பு நம்பர் பலகை, வயதான மெர்சிடிஸ். ஓரத்தில் நிற்பவர் போகுமிடத்தைக் கூவ, மித்ரி ஒரு கணம் யோசிப்பார். பிடித்தால் தலையசைப்பு. பிடிக்காவிட்டால் முகவாயை உயர்த்தி ஒரு ‘ச்’ கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். மந்திரி மனுவை நிராகரிக்கும்போதுகூட அத்தனை கம்பீரம் இராது.

தெருப்பெயர் இந்த ஊரில் தபால்காரருக்கே தேவைப்படாதது. மற்றவர்கள் ரொட்டிக்கடை, மருந்துக்கடை என்று அடையாளம் வைத்துக்கொள்வார்கள். மித்ரியின் அடையாளங்கள் வேறு. “நல்ல அரக் சாராயம் விக்கிறவனைத் தாண்டி, தண்ணி கலக்கிறவன்கிட்ட திரும்பணும்” என்பார். திருப்பம் சரியாகவே இருக்கும்.

குடிகாரன் என்ற சொல்லை மட்டும் அவர் ஒப்புக்கொள்வதில்லை. “நான் வண்டிக்காரன். இஞ்சின் ஆறினப்புறம்தான் தொடுவேன்.” கொள்கை உயர்ந்ததுதான். அண்மைக்காலமாக அந்த இஞ்சின் மத்தியானத்துக்கு முன்பே ஆறத் தொடங்கியிருந்தது.

ஒரு நாள் பேத்தி தாலாவைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும்போது மெர்சிடிஸ் ஒரு மின்கம்பத்தை உரசியது. கம்பத்தின் மேல்தான் தவறு என்பது மித்ரியின் வாதம். மகள் நுஹாத் வாதத்தைக் கேட்கவில்லை, வாயை முகர்ந்தாள்.

“ஊர்ல யார் வேணா உங்க வண்டியில ஏறட்டும்ப்பா. என் புள்ளை ஏறாது.”

“எது வரைக்கும்?”

“குடியை விடறவங்க ஒண்ணா கூடி உக்காந்து பேசுற இடம் இருக்கு. அங்க போங்க. போய் நிறுத்துங்க. அப்புறம் பாக்கலாம்.”

ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தாள். மித்ரி அன்றே அழைத்தார். எடுத்தவர் கனிவான குரலுடையவர். “வியாழக்கிழமை சாயங்காலம் வாங்க. ஜெய்த்தாவியில, தையல்காரர் கடை இருந்துச்சே, அதுக்கு எதிர்ல மாதாகோயில் மண்டபம். இறங்குற படி…”

“தெரியும்” என்று சொல்லி மித்ரி போனை வைத்தார்.

ஜெய்த்தாவியில் இல்லாமற்போன தையல்காரர்கள் இருவர். இருவர் கடைக்கு எதிரிலும் மண்டபம் உண்டு. மறுபடி அழைத்துக் கேட்கலாம்தான். கேட்பவர் வேறு யாராவதாக இருந்தால்.

வியாழனன்று, பழகிய காரை யாரும் பார்த்துவிடாதபடி தள்ளி நிறுத்திவிட்டு, சவரம் செய்த முகத்துடன் மித்ரி ஒரு மண்டபத்தில் நுழைந்தார். சுவரோரம் நாற்காலிகள், வாடிய முகங்களோடு ஆண்கள். முன்வரிசை எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கியது. என்ன மரியாதை என்று அவர் உருகிப்போனார். கறுப்பு நாடா கட்டிய படத்தில் இருந்தவரைச் சங்கத்தை நிறுவிய பெரியவர் என்று முடிவுகட்டினார். சர்க்கரை போடாத காப்பி வந்தது. அதுவும் சிகிச்சை போலும் என்று ஒரே மூச்சில் குடித்தார்.

பிறகு பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் சாய்ந்து, வாழ்நாளில் முதன்முறையாக அதைச் சொன்னார்: “எனக்கு குடியை விடணுங்க. தனியா முடியலை.”

அவர் மித்ரியின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். “நல்ல காரியம். செய்யுங்க. ஆனா நாங்க இன்னிக்குத்தான் எங்க மாமாவை அடக்கம் பண்ணிட்டு வந்து உக்காந்திருக்கோம்.”

எழுந்து ஓடுவது பண்பல்ல. மித்ரி இன்னொரு காப்பி குடித்து, “ஆண்டவர் நித்திய இளைப்பாற்றி அருளட்டும்” என்று எல்லோரிடமும் தனித்தனியே சொல்லி, முன்பின் தெரியாத மாமாவுக்காகக் கொஞ்சம் கண்கலங்கிவிட்டு வெளியே வந்தார். வந்த வழியிலேயே தண்ணீர் கலக்கிறவனிடம் நிறுத்தினார்.

மறுநாள் காலை பால்கனியிலிருந்து பார்த்தார். பள்ளிப் பையோடு தாலா சாலையைக் கடந்து, ஷவ்கியின் டாக்ஸியில் ஏறினாள். ஊரில் வேறு எத்தனையோ டாக்ஸிகள் உண்டு. ஆனால் ஸ்டாண்டில் மித்ரியின் பெருமைப் பேச்சைக் கேட்டு வாய்விட்டுக் கேலியாகச் சிரிக்கிற ஒரே ஆள் ஷவ்கி. குழந்தை முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மித்ரி அன்று வண்டி எடுக்கவில்லை. போத்தலையும் எடுக்கவில்லை.

அடுத்த வியாழன் வந்தது. ஸ்டாண்டில் டிரைவர்கள் கூடி நிற்கும் மாலை நேரத்தில் மித்ரி நடந்து வந்தார்.

“என்ன மித்ரி அண்ணே, கால்நடையா?” என்றான் ஷவ்கி, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி. “உங்க வண்டிக்கு வழி தெரியலையாமா?”

நாலு பேர் சிரித்தார்கள். மித்ரி ஜன்னல் விளிம்பில் இரு கைகளையும் ஊன்றினார்.

“ஜெய்த்தாவி போகணும். குடியை விடறவங்க கூடுற மண்டபம். எந்தத் தையல்காரனுக்கு எதிர்லன்னு எனக்குத் தெரியலை. சொல்லு.”

சிரிப்பு நின்றது. ஷவ்கி நிமிர்ந்து உட்கார்ந்தான். கேலியில்லாமல், கையால் காட்டிக் காட்டி, திருப்பம் திருப்பமாகச் சொன்னான். பின்பக்கத்துப் படி, கீழே பச்சைக் கதவு என்பது வரை.

மித்ரி ஜன்னலுக்குள் இன்னும் கொஞ்சம் குனிந்தார். “இன்னொரு தடவை சொல்லு” என்றார்.