பதுங்குகுழி வாசலில் செருப்புகள்

வாசலூர்பட்டியில் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கிவிடுகிறார்கள். விமானத் தாக்குதல் ஒத்திகையாம். சைரன் ஒலித்ததும் எல்லோரும் பதுங்குகுழிக்குள் போய்விட வேண்டும் என்கிறார் அதிகாரி. போர்ப் பேச்சு வந்தபோது மரவள்ளிக் காட்டோரம் வெட்டிய குழி அது. சும்மா கிடப்பானேன் என்று ஊரார் அதில் சாமை மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள்.

சைரன் அலறுகிறது. கண்மூடித் திறப்பதற்குள் ஊரே உள்ளே போய்விட்டது. வாசலில் நாற்பது ஜோடிச் செருப்புகள் சிவப்பும் நீலமுமாக வெயிலில் பளபளக்கின்றன.

“மேல இருந்து பார்த்தா எத்தனை பேர் உள்ள இருக்கீங்கன்னு எதிரி எண்ணிருவானேம்மா!” அதிகாரி தலையில் அடித்துக்கொள்கிறார்.

உள்ளேயிருந்து பாப்பாத்தி என்கிற பெண் எட்டிப் பார்க்கிறாள். “ஏனுங்க, சாமை இருக்குற எடத்துக்குச் செருப்புக் காலோட எப்படீங்க வாரது? குண்டு போடுறவனுக்குத்தான் மருவாதி தெரியாது, நமக்குமா தெரியாதுங்க?”

நான் வாசலில் குத்தவைத்து, முடிச்சு விழுந்த ஷூ லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு ஷூ கழன்றபோது சைரன் ஓய்கிறது.

அதிகாரி கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சத்தமாகச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதுகிறார்: உயிரிழப்பு ஒன்று.

“பாவம், எந்த ஊருங்க?” என்கிறாள் பாப்பாத்தி.